சம்பந்தியம்மாவுக்குப் பதினோரு கோபுரம்

நாற்பது வருஷமாக அமெரிக்கச் சாப்பாட்டை விற்றுப் பிழைத்த எங்கள் டப்பாச் சந்தையில், ஒரே ஒருவர்கூட அமெரிக்காக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கொரியச் சண்டைக் காலத்தில் அமெரிக்கப் படைமுகாமிலிருந்து வழி தவறி வந்த டப்பாக்களை வைத்து எங்கள் அப்பாமார் தொடங்கிய சந்தை இது. பூசான் துறைமுகத்தில் எந்தப் பெட்டி இறங்கினாலும் அரை மணி நேரத்தில் அதன் வாசனை எங்கள் சந்துக்கு வந்துவிடும். அதனால் அமெரிக்காவைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம், 1990 அக்டோபர் வரைக்கும்.

அந்த மாதம் ஒருநாள் மதியம் என் மகள் ஓக்ஜு கடைக்கு வந்தாள். அவளுக்குக் கப்பல் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. வேலை நேரத்தில் வருகிறாள் என்றால் சமாச்சாரம் பெரிசு.

"அப்பா, நோலனோட அப்பா அம்மா அடுத்த வாரம் வர்றாங்க."

நோலன் அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன். ஆங்கில வகுப்பு எடுக்கிறவன். எங்கள் சந்துக்குள் வரும்போதெல்லாம் கடைகளின் தார்ப்பாய்க் கூரையில் தலை இடிக்கும் உயரம்.

"வரட்டும். சம்பந்தம் பேச வராம இருப்பாங்களா?"

"சம்பந்தம் பேச இல்லப்பா. அவங்க அம்மாவுக்கு, பையன் இங்க பட்டினி கிடக்கிறான்னு கவலை. இங்க வெறும் மிளகாயும் கண்ணு முழிச்ச மீனும்தான் கிடைக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவர் ஒழுங்கா சாப்பிடலைன்னு தெரிஞ்சா, கல்யாணத்த முடிச்சுக் கையோட ரெண்டு பேரையும் நெப்ராஸ்காவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்."

"அது எங்க இருக்கு?"

"நடுவுல. எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு நாளைக்குக் கடல் வராது."

எனக்கு ஒரே பெண். துறைமுகத்துச் சங்கொலி கேட்காமல் ஒருநாள் தூங்கியறியாதவள். அவளைக் கடலே இல்லாத ஊருக்கு அனுப்பிவிட்டு நான் யாருக்கு டப்பா விற்பது?

"நோலன் முடியாதுன்னு சொல்லக் கூடாதா?"

"அம்மாகிட்டயா? இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்லையாம். இப்பப் பழக முடியுமா?"

"அவங்க என்ன தொழில்?"

"அப்பா பழைய டிராக்டர் ஏலம் விடுறவரு. அம்மா பள்ளிக்கூடத்துல வேலை."

ஏலக்காரன்! எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது. அவனோடு ஒரு கை பார்க்கலாம். வாத்தியாரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டால் போதும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் போட்ட மட்டமான கணக்குகளில் அதற்கு முதலிடம்.

சாயங்காலமே என் கடையில் சபை கூடியது. காப்பித்தூளும் பால்பொடியும் விற்கும் பாங் அண்ணன், மிட்டாயும் சீஸும் விற்கும் மேங் அக்கா, டப்பா இறைச்சி விற்கும் நான், நடுவில் வேகவைத்த பட்டுக் கூட்டுப்புழுவைப் பல்குச்சியால் குத்தித் தின்றுகொண்டு என் மனைவி கில்சுன். பேச்சு ஒன்றே ஒன்று: அமெரிக்காக்காரன் என்னதான் சாப்பிடுகிறான்?

"காப்பி," என்றார் பாங் அண்ணன். "அவனுக்குத் தண்ணியே காப்பிதான். நம்ம சாப்பாடு முடிஞ்சு வடிகஞ்சி குடிக்கிறோம்ல? அந்த மாதிரி அவன் கிண்ணத்துல காப்பி குடிப்பான்."

"உங்க கடையில இருக்கிறது காப்பி, அதனால அவன் குடிக்கிறது காப்பி!" என்று மேங் அக்கா பாய்ந்தாள். "அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. அவங்களுக்குச் சோறு கிடையாது. சோறு இல்லாத வயிறு எப்பவும் ரொம்பாது. அதனாலதான் நாளெல்லாம் இனிப்பக் கொறிச்சுக்கிட்டே இருக்காங்க. என் சரக்குல பத்துக்கு எட்டு இனிப்பு. அவங்க தின்னாமலா கப்பல் கப்பலா வருது?"

"மீதி ரெண்டு?"

"சீஸு. இனிப்பு திகட்டினா வாய மாத்துறதுக்கு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ரெண்டு பேரும் சின்னப்பிள்ளத்தனமாப் பேசுறீங்க. நம்ம ஊர்ல அறுவடைத் திருநாளுக்கு முதலாளிக்கு, டாக்டருக்கு, மகன் வாத்தியாருக்கு என்ன குடுக்கிறோம்?"

"டப்பா இறைச்சி," என்றார்கள் இருவரும். அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. ஒன்பது டப்பாவைப் பட்டுத்துணி விரித்த பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால், மாட்டிறைச்சி கொடுத்தவன்கூட வெட்கித் தலைகுனிவான்.

"இங்கயே அவ்வளவு மரியாதைன்னா, அது பிறந்த ஊர்ல எவ்வளவு மரியாதை இருக்கும்? யோசிங்க."

யோசித்தார்கள். உடம்பு சிலிர்த்தது என்று பாங் அண்ணன் பிற்பாடு சொன்னார்.

"ஓக்ஜு அப்பா," என்றாள் கில்சுன், புழுவை மென்றுகொண்டே. "அந்தப் பையன்கிட்டயே கேட்டா என்ன?"

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டா அவன் மரியாதைக்கு ஒண்ணும் வேண்டாம்பான். இதெல்லாம் பெரியவங்க விஷயம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த புழுவைக் குத்தினாள்.

முடிவானது இதுதான். எங்கள் வழக்கப்படி அறுபதாம் பிறந்தநாள் காண்பவருக்குப் பெரிய மேசை போடுவோம். பழம், பணியாரம், பேரீச்சை, உலர்ந்த மீன் எல்லாவற்றையும் முழங்கை உயரக் கோபுரங்களாக அடுக்கி, பக்கவாட்டில் நிறம் மாற்றி மாற்றி வைத்து, நீண்ட ஆயுள், நிறைந்த பாக்கியம் என்ற எழுத்துகள் தெரியும்படி செய்வோம். விருந்தாளி அதன் பின்னால் உட்காருவார். அதைவிடப் பெரிய கௌரவம் மனிதருக்கு இல்லை. அதே பெரிய மேசையை அமெரிக்கச் சாப்பாட்டால் போட்டுவிடுவது! மகன் பட்டினி கிடக்கிற ஊரா இது என்று அந்தம்மா வாயடைத்துப் போக வேண்டும்.

மேங் அக்காவின் தம்பி இந்தக் கோபுரம் அடுக்குவதில் கைதேர்ந்தவன். இரண்டு நாள் ராப்பகலாக, காகிதக் குழாய்க்குள் அரிசியை நிரப்பி, வெளியே சோற்றுப்பசை தடவி ஒட்டினான். சந்தை வியாபாரிகள் சங்கத்து மாடியில் பதினோரு கோபுரம் எழுந்தது. முட்டையில் தோய்த்துப் பொரித்த டப்பா இறைச்சியில் மூன்று. மஞ்சள் சீஸில் இரண்டு. விரல் நீளச் சாஸேஜில் ஒன்று. கிரீம் பிஸ்கட், வறுத்த சோளம், பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாய், சாக்லேட். நட்டநடுவில் வண்ணப் பொத்தான் மிட்டாயாலான பெரிய கோபுரம், அதில் சிவப்பில் 'நீண்ட ஆயுள்'. முகாம் அதிகாரி வந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார், காணாமல் போனதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று.

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். வெர்ல் என்கிற அந்த ஏலக்காரர், டிராக்டரை ஓட்ட வேண்டாம், தூக்கிக்கொண்டே போகலாம் என்கிற உடம்பு. லோர்னா அம்மாள் குட்டையாக, வெள்ளை முடியோடு, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி வந்தாள். பேச்சே இல்லை. அடக்கமான வாத்தியாரம்மா என்று நினைத்தேன்.

மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். உட்கார்ந்ததும் இருவரும் மறைந்து போனார்கள். சீஸ் கோபுரத்துக்கு மேலே வெர்லின் வழுக்கை மட்டும் தெரிந்தது. சந்தையே மாடிப்படியில் நெருக்கியடித்து நின்று பார்த்தது.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று ஓக்ஜுவிடம் கிசுகிசுத்தேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

லோர்னா அம்மாள் எழுந்தாள். மேசையை ஒரு சுற்று வந்தாள். கோபுரம் கோபுரமாக நின்று, குனிந்து, மூக்கால் பார்த்தாள். நான் பாங் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். பார்த்தாயா, வாயடைத்துப் போயிற்று.

வாய் திறந்தது. ஓக்ஜு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். அவள் குரல் வர வர இறங்கியது.

"இந்தப் பொத்தான் மிட்டாய, சின்னப் பிள்ளைங்க பேய் வேஷம் போட்டுட்டு வாசல்ல வந்து நின்னா குடுத்து அனுப்புவாங்களாம்."

மேங் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சாஸேஜ் டப்பா மீன் பிடிக்கப் போறப்ப எடுத்துட்டுப் போறது."

"மீனுக்கா?" என்றேன்.

"இல்ல, பிடிக்கிறவங்களுக்கு. ஆனா மீன் வரலைன்னாத்தான்."

"சீஸு?" என்று மேங் அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஓக்ஜு கேட்டாள். பதில் வந்தது. ஓக்ஜு தரையைப் பார்த்தாள்.

"சொல்லுடி!"

"அவங்க வீட்டு நாய் மாத்திரை முழுங்க மாட்டேங்குமாம். மாத்திரைய இதுக்குள்ள வச்சு உருட்டிக் குடுப்பாங்களாம்."

படிக்கட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாங் அண்ணன் அவசர அவசரமாகச் சோற்றுக் கிண்ணம் நிறையக் காப்பியை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார், தன் சரக்காவது மானத்தைக் காப்பாற்றும் என்று. அந்தம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கை கழுவவா என்று கேட்டாள்.

கடைசியில் என் மூன்று கோபுரங்களின் முன்னால் வந்து நின்றாள். நான் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"அவங்க முப்பது வருஷமா ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டுக்குத் தலைவியாம்ப்பா. தினம் நானூறு பிள்ளைங்களுக்குச் சாப்பாடு. இந்த டப்பாவக் கொண்டுவந்த வியாபாரிய, வந்த வழியே திருப்பி அனுப்பினாங்களாம். பஞ்சகாலத்துல தானே சின்னப்பிள்ளையா தின்னது போதும், என் பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு."

வாத்தியாரம்மா இல்லை. என் கணக்கின் முதல் வரியே தப்பு. நான் அதை விழுங்குவதற்குள் அந்தம்மாவின் கண் கலங்கிவிட்டது. மகன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்.

"இதையா நீ தினமும் சாப்பிடுற?" என்று ஓக்ஜு மொழிபெயர்த்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயையோ இல்லைன்னு சொல்லு! மாப்பிள்ளைக்கு இதெல்லாம் கொடுக்கிறதே இல்ல. இது மரியாதைக்கு வச்சது. இத நாங்க யாரும் தொடவே மாட்டோம்!"

ஓக்ஜு என்னை முறைத்தாள். "அப்பா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நாங்க தொடாதத உங்களுக்கு வச்சோம்னு சொல்லவா?"

"அப்ப, நாங்க தினமும் தின்போம்னு சொல்லு."

"அப்ப, அவங்க இன்னைக்கே டிக்கெட் எடுத்துடுவாங்க."

இரண்டு பக்கமும் சுவர். நாற்பது வருஷ வியாபாரத்தில் விலை சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நின்றது அன்றைக்குத்தான்.

இந்தக் களேபரத்தில் வெர்லை எல்லோரும் மறந்துவிட்டோம். மனிதர் காலை மடக்கிச் சம்மணம் போட்டு அரை மணி நேரமாக, முட்டையில் பொரித்த இறைச்சியின் வாசனைக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கொழுப்பு கூடாது என்று டாக்டர் சொன்னதால் அவருக்கு வீட்டில் இரண்டு வருஷமாக வேகவைத்த காய்தானாம். மனைவியின் முதுகு இந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஒரு துண்டை உருவினார். மேலேயிருந்து எடுத்தால் தெரிந்துவிடும் என்று அடியிலிருந்து.

ஏலக்காரரே, சரக்கைப் பார்த்துத் தொட வேண்டாமா?

முதல் கோபுரம் யோசித்து யோசித்துச் சாய்ந்தது. இரண்டாவதன் தோளில் விழுந்தது. அது சீஸைத் தள்ளியது. சீஸ் சோளத்தைத் தள்ளியது. 'நீண்ட ஆயுள்' நடுவில் பிளந்து, காகிதக் குழாயிலிருந்து அரிசி அருவியாகக் கொட்ட, ஆயிரக்கணக்கான பொத்தான் மிட்டாய்கள் சடசடவென்று மாடிப்படியில் குதித்துக் குதித்துச் சந்தைக்கு இறங்கிப் போயின. எல்லாம் ஓய்ந்தபோது வெர்ல் நடுவில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு மஞ்சள் சீஸ். வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது.

"கிம்ச்சி ஊறுகாய் இருக்கான்னு அப்பா கேக்குறார்," என்றான் நோலன். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அந்த நேரம் பார்த்துச் சோன் அக்கா படியேறி வந்தாள். பன்றி எலும்புச் சூப்புக் கடை வைத்திருப்பவள். பெரிய மேசையில் இருப்பதை விருந்தாளி சாப்பிடுவதில்லை அல்லவா, சாப்பிடுவதற்குத் தனியாகச் சின்ன மேசை வரும். அதற்கான சூப்பும் சோறும் அவள் தலையில் இருந்தன. பொத்தான் மிட்டாயில் வழுக்கி, இடுப்பை ஒடித்து நிமிர்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"நோலன் தம்பி! காலைல ஏன் வரல? உடம்பு சரியில்லையா? உனக்காக எடுத்துவச்ச எலும்ப வேற யாருக்கும் போடாம ஒன்பது மணி வரைக்கும் வச்சிருந்தேனே!"

லோர்னா அம்மாளின் காது நிமிர்ந்தது. இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். ஓக்ஜுவுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது.

"அக்கா, நோலன் உங்க கடைல என்ன சாப்பிடுவார்னு அவங்க அம்மா கேக்குறாங்க."

"அம்மாவா? அப்பச் சொல்லு. காலைல ரெண்டு கிண்ணம் சூப்பு, சோறு மூணு. உப்புல ஊறின இறால நானேதான் போடணும், தம்பிக்கு அளவு தெரியாது."

"பத்து மணிக்கு எங்கிட்ட மீன் பணியாரம், எட்டுக் குச்சி!" என்று படியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஒரு மணிக்கு என் கோதுமை நூடுல்ஸ் அண்டாவுக்குள்ள தலைய விட்டா, ரெண்டு மணிக்குத்தான் வெளிய எடுக்கும்!"

"நாலு மணிக்கு சக்கரை அப்பம்! உள்ள விதை போட்டது! நாக்கு சுட்டுச்சுன்னு குதிப்பானே தவிர விடமாட்டான்!"

"பொய் சொல்லாத, நாலு மணிக்கு என் கடைல பன்னிக்குடல் தின்னுக்கிட்டிருப்பான்!"

"அத முடிச்சுட்டுத்தான்டி என்கிட்ட வருவான்!"

ஓக்ஜு மூச்சு விடாமல் மொழிபெயர்த்தாள். லோர்னா அம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை முடிந்தது. அடுத்த கைக்குத் தாவியது. ராத்திரிச் சாப்பாடு என் வீட்டில் என்று கில்சுன் சொல்லி, பட்டியல் போட ஆரம்பித்தபோது அந்தம்மா கையை உயர்த்திப் போதும் என்றாள். நேரே மகனிடம் போனாள். அவன் கோட்டை விலக்கினாள். சட்டைப் பொத்தான் மூன்று, போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தன. அந்த வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், பூசணிக்காய் வாங்குகிறவள் மாதிரி.

பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள். தரையில் உட்கார்ந்து, சோளப்பொரிக்கும் அரிசிக்கும் நடுவில், கைப்பையை மடியில் போட்டு அடித்து அடித்துச் சிரித்தாள். மேங் அக்கா சிரித்தாள், பாங் அண்ணன் சிரித்தார், படிக்கட்டு முழுக்கச் சிரித்தது.

சோன் அக்கா சூப்பை நீட்டினாள். அந்தம்மா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு வாய். கரண்டியை வைத்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"எலும்பு எத்தனை மணி நேரம் கொதிச்சுதுன்னு கேக்குறாங்க."

"பன்னெண்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் போகும்?"

"நானூறுக்குக் குறையாது."

அந்தம்மா எழுந்து சோன் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆனால் சூப்புக் கிண்ணம் காலியானதும் அவள் முகம் மாறியது. மகனைப் பார்த்தாள். மெதுவாகப் பேசினாள்.

"அவர் நல்லாச் சாப்பிடுறார், ஒத்துக்கிறேங்கிறாங்க," என்றாள் ஓக்ஜு. "ஆனா இத்தனை பேர் அவருக்குச் சாப்பாடு போடுறாங்க. தன் கையால போட அங்க மகன் இல்லையேன்னு சொல்றாங்க."

சிரிப்பு அடங்கியது. எனக்கும் ஒரே பிள்ளை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன்.

"எத்தனை வருஷம்னு கேளு."

"அப்பா!"

"கேளு. மொத்தமா இங்கயும் இல்ல, மொத்தமா அங்கயும் இல்ல. இங்க எத்தனை வருஷம் இருக்கலாம், சொல்லச் சொல்லு."

"என்னைய விக்கிறதுக்கு நானே மொழிபெயர்க்கணுமா? போங்க, நீங்களே பேசிக்கோங்க." அவள் நோலனை இழுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அவன் போகிற போக்கில் என் கேள்வியை அம்மா காதில் போட்டுவிட்டு, ஒரு கிண்ணம் சூப்பையும் எடுத்துக்கொண்டு போனான் என்பது வேறு விஷயம்.

பேச ஆள் இல்லையென்றால் என்ன, விரல் இருக்கிறது. கில்சுன் கைகளையும் சேர்த்துப் பிடித்து இருபது விரல் காட்டினேன். லோர்னா அம்மாள் ஒரு விரல் காட்டினாள். வெர்ல் எங்களுக்கு நடுவில் வந்து நின்று, ஏலம் விடுகிற குரலில் கடகடவென்று ஆரம்பித்தார். ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் ரத்தம் சூடேறியது. படிக்கட்டு கை தட்டியது.

நான் பதினைந்துக்கு இறங்கினேன். அவள் ஒன்றிலேயே நின்றாள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு பத்து காட்டினேன். அவள் பெருமூச்சு விட்டு, பெரிய மனது பண்ணி இரண்டு காட்டினாள். நான் என் நரைமுடியைக் காட்டினேன். அவள் தன்னுடையதைக் காட்டினாள். அது என்னுடையதைவிட வெள்ளை.

"விடாதீங்க அண்ணே!" என்றார் பாங்.

"விட்டுக்குடுங்க அண்ணே!" என்றாள் மேங் அக்கா.

எட்டு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். படி இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. சந்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். திரும்பவே இல்லை.

எத்தனை பேர் இப்படி என் கடையிலிருந்து இறங்கிப் போயிருக்கிறார்கள்! போகிறவர் பத்தாவது அடியில் வேகம் குறைப்பார், பதினைந்தாவது அடியில் பக்கத்துக் கடையைப் பார்க்கிற மாதிரி நிற்பார். நான் ஜன்னலை விட்டு அசையவில்லை. பத்து. பதினைந்து. இருபது. அவள் கடற்பாசிக் கடையைத் தாண்டித் திருப்பத்தில் மறைந்தேபோனாள். நோலனின் கரண்டி பாதியில் நின்றது. கில்சுன் என் விலாவில் கிள்ளினாள்.

"பொண்ண நெப்ராஸ்காவுக்கு அனுப்பிட்டு உங்க எட்டு வருஷத்த ஊறுகா போடுவீங்களா?"

"ஆறு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஆறு விரலை உயர்த்தியபடி, மிட்டாயில் வழுக்கி, திருப்பத்தில் போய் மோதினேன்.

அங்கேதான் நின்றிருந்தாள். சுவரில் சாய்ந்து, உலர்ந்த நெத்திலி ஒன்றைக் கொறித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் ஐந்து விரல் காட்டினாள். ஏற்கனவே விரித்து வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

ஐந்து வருஷம் இங்கே. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அங்கே. கொசுறாக, வருஷம் ஒருமுறை அவள் வந்து ஒரு மாதம் தன் கையால் மகனுக்குச் சமைத்துப் போடுவாள், என் வீட்டு அடுப்பில். கில்சுன் அதற்கு மட்டும் தனியாகப் பேரம் பேசி, அந்த மாதம் பாத்திரம் கழுவுவது நான் என்று முடித்தாள். கல்யாணம் பூசானில். சங்கத்து மாடியில் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எங்களை ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்காவது தோணுச்சா?" என்றாள் ஓக்ஜு.

"நீ சும்மா இரு," என்றாள் கில்சுன். அதையே லோர்னா அம்மாளும் அதே நேரத்தில் சொன்னாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் விமான நிலையத்தில் வழியனுப்பப் போனோம். வெர்லின் பெட்டியில் என் சரக்கு பன்னிரண்டு டப்பா, காலுறைகளுக்குள் சுருட்டி. இனிமேல் எங்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது என்று, சரக்கு கை மாறிய பிறகு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வியை ஓக்ஜு மூலமாகக் கேட்டேன்.

"நிஜமா எத்தனை வருஷம் வரைக்கும் ஒத்துக்கிட்டிருப்பீங்கன்னு கேளு. முதல்ல என்னோடதச் சொல்லிடுறேன்." மூன்று விரல் காட்டினேன். மூன்று வருஷம் கிடைத்தாலே கோயிலுக்கு விளக்கு போட்டிருப்பேன்.

லோர்னா அம்மாள் என் விரல்களைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கைப்பையை வெர்லிடம் கொடுத்துவிட்டு, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அன்றைக்கு மகன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதே பத்து வருஷம் என்று முடிவு பண்ணிவிட்டாளாம்.

அதற்குள் அவர்களை உள்ளே அழைத்துவிட்டார்கள். நான் தடுப்புக் கயிறு வரைக்கும் ஓடினேன். காவலாளி என் சட்டையைப் பிடித்தார்.

"ஏழு!" என்று கத்தினேன். "சம்பந்தியம்மா, ஏழு! ஏழுன்னு வச்சுக்கலாம்!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே ஒரு கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கினாள். கொஞ்சமும் ஆடாமல், விறைப்பாக, ஐந்து விரல்.